நாய் பெயரை மாற்றிய வெள்ளிக்கிழமை

எங்கள் தோட்டத்தில் பூட்டு என்றால் அது கம்பெனிப் பூட்டுதான். ஸ்டோர் பூட்டு, உரக் கொட்டகைப் பூட்டு, ஆபீஸ் பூட்டு. சாவிகள் எல்லாம் பெரிய கிராணியின், அதாவது தலைமைக் கிளார்க்கின், நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கும். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பூட்டு கிடையாது. போடக்கூடாது என்று எவரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் விடிகாலையில் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். கொசு மருந்து அடிக்கிறவர் வருவார். வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வருவார். வந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் போச்சு! மறுநாள் பெரட்டில், அதுதான் இருட்டோடு எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம், அங்கே வைத்து எல்லார் காதிலும் விழும்படி கேட்பார்கள்: "என்னாத்த உள்ள ஒளிச்சு வச்சிருக்க?"

"நம்மகிட்ட ஒளிக்கிறதுக்கு என்னாடி இருக்கு?" என்று அம்மா சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவாள். அப்பா போன பிறகு அந்த வீடு அம்மாவின் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. சிறு வயதிலிருந்தே எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். இல்லாதவன் எதையும் ஒளிக்கக்கூடாது என்று எவன் சொன்னான்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே ஆபீஸுக்குக் கணினி வந்தது. கணினியோடு நானும் வந்தேன். சிரம்பானில் கணினி டிப்ளோமா முடித்திருந்தேன். அங்கேயே ராசாவில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய்வருவேன். மரம் வெட்டுகிறவளின் மகள், அம்மா வாளியோடு வெளியே நடந்து போகும்போது, உள்ளே ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்திருப்பது சிலருக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் போங்கள் என்று இன்னும் நேராக உட்கார்ந்துகொள்வேன்.

ஆட்களின் விவரம் முழுவதும் அந்தக் கணினியின் தரவுத்தளத்துக்குள் போயிற்று. பேர், வீட்டு எண், வேலையில் சேர்ந்த தேதி எல்லாம். பழைய பேர்ப் புத்தகங்களைக் கரையான் அரிக்கிறது என்று சொல்லி ஆபீஸுக்குப் பின்னால் போட்டு எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓர் ஆள் எப்போது வேலைக்குச் சேர்ந்தான் என்பதைச் சொல்ல இயந்திரத்தைத் தவிர வேறு நாதி இல்லை.

கணினியைப் பொருத்திக் கொடுத்தவர் கோலாலம்பூர் ஆள். பேக்கப் எடுக்கவும் அவரே வழி செய்திருந்தார். தரவுத்தளத்தில் உள்ளதை அப்படியே ஒரு டேப்பில் நகல் எடுத்து வைப்பதுதான் பேக்கப். இயந்திரம் படுத்துவிட்டால் டேப்பிலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைக்கு ஒரு டேப். காலையில் அன்றைய டேப்பை நான் உள்ளே தள்ளி வைப்பேன். எல்லாரும் மத்தியானம் சாப்பிடப் போயிருக்கும்போது கணினி தானாகவே எழுந்து, போன வாரம் அந்த டேப்பில் இருந்ததை அழித்துவிட்டு, இந்த வாரத்துடையதை எழுதிக்கொள்ளும். பக்கத்தில் ஆள் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தார்.

தானாக எழுந்து வேலை செய்கிற இயந்திரத்துக்கும் தரவுத்தளம் கதவு திறக்க வேண்டுமே! கடவுச்சொல் கேட்கும். அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? கடவுச்சொல்லை அந்த ஸ்கிரிப்டுக்குள்ளேயே எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பச்சையாக எழுதி வைத்துவிட்டார். ஆபீஸில் எந்தத் திரையில் உட்கார்ந்தாலும் அதைத் திறந்து படிக்கலாம். உள்ளே நுழைந்தவர் எதையும் மாற்றலாம், அழிக்கலாம். யார் செய்தது என்று தெரியாது, ஏனென்றால் எல்லாரும் அதே ஒரு பேரில், அதே ஒரு சொல்லில்தான் நுழைந்தோம்.

அந்தச் சொல்லும் என்னவாம்? துரையின் நாய் பெயர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் மானேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து தோட்டம் சுற்றுகிற அந்த நாயின் பெயர், ஆயா பார்த்துக்கொள்கிற கொட்டகைச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஜீப் போனால் பின்னாலேயே ஓடிக் கத்துவார்கள்.

நான் அந்த வாரமே பெரிய கிராணியிடம் போனேன். அவர் தலைநரைத்த மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "சார், இந்தச் சொல்ல ஸ்கிரிப்டுலேர்ந்து எடுத்துடலாம். தனியா ஒரு கோப்புல வச்சி, பேக்கப் வேலைக்கு மட்டும் படிக்கிற மாதிரி பூட்டிடலாம். வேற யாரும் திறக்க முடியாது" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நாற்காலியைத் திருப்பிச் சாவிப் பலகையைக் காட்டினார். "இத்தன வருசமா இங்கதான் தொங்குது. ஒரு குண்டூசி காணாம போயிருக்கா? எங்களயெல்லாம் திருடன்னு சொல்ல வந்தியா, தங்கச்சி?"

"அப்படிச் சொல்லல சார்."

"அப்பறம் எதுக்கு ஒளிக்கிற?"

துரையிடமும் போய்ச் சொன்னேன். அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டே சிரித்தார். "டோன்ட் மேக் ட்ரபுள் லா. ஒர்க் ஆகுதுல்ல? விட்டுரு." விட்டேன். எழுத்தில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் என் வேலை போய்விடும், வேறு வழி இல்லை.

பிறகுதான் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு வீடமைப்புக்காரர்களுக்கு நிலத்தைக் கொடுக்கப் போகிறார்களாம். யூனியன் பேசிப் பேசி ஒன்றைச் சாதித்திருந்தது. குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு உண்டு. பிந்திச் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது, அவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். அம்மா பாவாடை சட்டையோடு இருந்த வயதிலேயே, ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கழுவ வந்தவள். அவளுக்கு இல்லாத வீடா என்று நான் கவலையே படவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவோடு ஒரே நாளில் வேலைக்கு வந்தவள். தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"உங்க கம்பியூட்டர் என்னா இப்படிச் சொல்லுது? நான் நேத்து வந்தவளாம், எனக்கு வீடு இல்லையாம். உங்கம்மாவுக்கும் இல்லையாம். பெரிய கிராணி சொல்றாரு."

"யாரோ தப்பா பாத்திருப்பாங்கக்கா."

"அதத்தான் அவரும் சொல்றாரு. கம்பியூட்டர் தப்பு பண்ணாதாம், எங்களுக்குத்தான் மறதியாம். ஏண்டி, நான் எந்த வயசுல வந்தேன்னு எனக்கு மறந்து போகுமா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸுக்கு வந்ததும் பழக்கத்தில் வெள்ளி டேப்பை உள்ளே தள்ளிவிட்டு, திரையில் அம்மாவின் பெயரைத் தேடினேன். சேர்ந்த தேதி மாறியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுடையது மாறியிருந்தது. அவர்கள் லயம் முழுக்க, கீழ் லயம் முழுக்க, வயதான ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு வந்தவர்களாகியிருந்தார்கள். ஒருவருக்கு மாறினால் கைத்தவறு என்று சொல்லலாம். லயம் லயமாகவா கை தவறும்!

அலமாரியிலிருந்து வியாழன் டேப்பை எடுத்துத் தனி இடத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று, உள்ளே இருந்த வெள்ளி டேப்பை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். வியாழனில் புதுத் தேதி. புதனில் புதுத் தேதி. திங்கள் டேப்பிலும் அதே புதுத் தேதிதான். அப்படியென்றால் திங்கள் மத்தியானத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட்டார்கள். உண்மையான தேதி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதென்றால், அது போன வாரம் எழுதிய வெள்ளி டேப்பில்தான். அதாவது என் மேசைமேல் கிடக்கிற இந்த டேப்பில். நான் காலையில் தள்ளி வைத்ததை எடுக்காமல் விட்டிருந்தால், மத்தியானம் கணினி தானாக எழுந்து அதையும் துடைத்துப் போட்டிருக்கும். எங்கள் அம்மாக்கள் நேற்று வந்தவர்களாகவே ஆகியிருப்பார்கள்.

டேப்பின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பி வைத்தால் இயந்திரம் படிக்கும், எழுதாது. பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து அதைத் திருப்பினேன். பிறகு ஏற்றிப் பார்த்தேன். இருந்தது! அம்மாவின் தேதி, அக்காவின் தேதி, எல்லாம் இருந்தன. நாற்காலியில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டேன். டேப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆனால் துரையின் நாய் பெயர் தெரிந்த எவரும் மறுபடி உள்ளே போகலாம். நான் அனுமதி கேட்ட காலம் முடிந்துவிட்டது என்று அப்போது முடிவு செய்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். கணினிக்கே தலைச்சாவி போல ஒரு சொல் உண்டு, அதையும் மாற்றினேன். ஸ்கிரிப்டைத் திறந்து அந்த நாய் பெயரை அழித்தேன். புதுச் சொல்லைத் தனிக் கோப்பில் எழுதி, பேக்கப் வேலைக்கு மட்டும் படிக்க உரிமை கொடுத்து, மற்ற எல்லாருக்கும் மூடினேன். இப்போது ஸ்கிரிப்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், "சொல் அந்தக் கோப்பில் இருக்கிறது" என்று மட்டும்தான் தெரியும். புது டேப் ஒன்றை உள்ளே வைத்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. கணினி தானாக எழுந்தது, கோப்பைப் படித்தது, ஒரு முனகல்கூட இல்லாமல் பேக்கப்பை முடித்தது. இதைத்தானே நான் மாடாய்க் கத்தினேன்!

சாப்பிட்டுவிட்டு வந்த பெரிய கிராணி என் அறைக் கதவைத் தட்டினார். "தங்கச்சி, நாய் பேரப் போட்டா உள்ள விடமாட்டேங்குதே?"

"இனிமே விடாது சார்."

"புதுசு என்னா?"

"சொல்ல மாட்டேன்."

அவர் என்னை அப்படியே பார்த்தார். அந்த ஆபீஸில் அந்த நான்கு எழுத்துச் சொல்லை, மாட்டேன் என்பதை, ஒரு லயத்துப் பெண்ணின் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. நேராகத் துரையின் அறைக்குப் போனார்.

துரை கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன், கைப்பை மடியில் இருந்தது.

"பாஸ்வேர்டு என்னா?"

"சொல்ல மாட்டேன் சார். தேதியெல்லாம் மாத்தியிருக்காங்க. யூனியன்காரர் வரட்டும், ஆளுங்க வரட்டும். அவங்க முன்னாடி நானே அடிச்சுத் திறக்கறேன்."

"இது கம்பெனி கம்பியூட்டர். உங்கப்பன் வீட்டுது இல்ல."

"தெரியும் சார். ஆனா உள்ள இருக்கிறது எங்கம்மா வயசு."

அவர் மேசையைத் தட்டினார். என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். கூப்பிடுங்கள், அவர்கள் முன்னாலேயே திறக்கிறேன் என்றேன். தேதியை நான்தான் மாற்றியிருக்க வேண்டும், கணினி என் கையில்தானே இருக்கிறது என்றார். இங்கேதான் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "சார், என் அம்மாவுக்கு வீடு கிடைக்கக்கூடாதுன்னு நானே மாத்துவேனா? நாய் பேரு தெரிஞ்ச யாரு வேணா மாத்தியிருக்கலாம். அதத்தான் அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன். நீங்க விட்டுருன்னீங்க."

கோலாலம்பூர் ஆளுக்குப் போன் போட்டார். நானும் அங்கேயேதான் இருந்தேன். தலைச்சாவிச் சொல்லும் மாறிவிட்டால் தன்னாலும் திறக்க முடியாது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், துரை போனை வைத்த வேகத்தில் பேனாக்கூடு கவிழ்ந்தது. பிறகு குரலை இறக்கினார்.

"உங்கம்மா இன்னும் லயத்துலதான இருக்காங்க?"

"ஆமா சார். அவங்கள அங்கேர்ந்து கிளப்பத்தான தேதிய மாத்தியிருக்கு? இதுக்கு மேல என்னா செய்வீங்க?" என்று எழுந்தேன். அவ்வளவு நேரமும் எல்லாரும் கடவுச்சொல்லையே கேட்டார்கள். கைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேராக யூனியன்காரர் வீட்டுக்குப் போனேன், அவர் சிரம்பான் லோபாக்கில் இருந்தார். திங்கட்கிழமை வருகிறேன் என்றார். அதற்கிடையில் சனியும் ஞாயிறும் அம்மா வீட்டில். செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னமோ பாஸ்வேர்டாமே. துரைகிட்ட சொல்ல மாட்டேன்னுட்டியாமே. என்னாடி அது?"

"உன்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா."

அவள் கை நின்றது. "பெத்தவகிட்ட என்னாடி ஒளிவுமறைவு?"

"உனக்குத் தெரிஞ்சா உன்னப் பிடிச்சுக் கேப்பாங்க. தெரியாட்டி நீ பாட்டுக்கு நிம்மதியா இருக்கலாம்."

"நான் என்னா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவளா? ச்சீ, போ!" என்று மீன் சட்டியை நகர்த்திவிட்டு எழுந்தாள். அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் போட்டு முன்னால் நகர்த்துவாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனாலும் சொல்லவில்லை. அவளைச் சந்தேகப்பட்டு இல்லை. அந்தச் சொல் என்னிடம் மட்டும் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

திங்கட்கிழமை யூனியன்காரர் வந்தார். துரையும் பெரிய கிராணியும் அறைக்குள் வந்து நின்றார்கள். மரம் வெட்டி முடித்த பெண்கள் வாளியைக்கூட இறக்கி வைக்காமல் என் அறை ஜன்னல் பக்கம் கூடிவிட்டார்கள். ஏர்கண்டிஷனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தேன். ரப்பர் பால் வாடை உள்ளே வந்தது. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தபோது துரையின் முகத்தைப் பார்த்தேன். இத்தனைக்கும் அது அவர் எதிரிலேயே என் மடியில் இருந்தது!

டேப்பை ஏற்றினேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்றேன். யூனியன்காரர் திரும்பினார், பெரிய கிராணி திரும்பினார், கடைசியில் துரையும் திரும்பினார். கடவுச்சொல்லை அடித்தேன். பழைய தேதியும் புதுத் தேதியும் பக்கம் பக்கமாக வந்தன. நான் பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி உரக்கப் படித்தேன். முதலில் பேர், பிறகு வேலையில் சேர்ந்த தேதி. முதல் பேர் பக்கத்து வீட்டு அக்காவுடையது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவள் தொண்டை கிழியக் கத்தினாள்:

"இருக்கேன்!"

அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் ஒரு "இருக்கேன்". சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். செத்துப்போன புருஷன் பேருக்கு மனைவி பதில் சொன்னாள். பிறகு அம்மாவின் பேரைப் படித்தேன். அவள் என்னோடு இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

தட்டச்சுப் பிழை என்று கம்பெனி சொல்லிற்று. தேதிகளைத் திருத்திக் கொடுத்தது. யார் மாற்றினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, தெரிவதற்கு வழியும் இல்லை. எல்லாரும் ஒரே நாய் பெயரில் நுழைந்த வீட்டில் காலடித் தடத்தை எங்கே தேடுவது? யூனியன்காரர் முன்னிலையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பேரும் தனிச் சொல்லும் போட்டுக் கொடுத்தேன். பெரிய கிராணி தன்னுடைய சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு அடித்தார். சில மாதத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஆள் குறைப்பாம். நிறுத்தட்டும்! நான் குறைந்ததால் அந்த ஆபீஸ்தான் குறைந்தது. சிரம்பானில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அங்கே போய் முதல் நாளே நான் திறந்து பார்த்தது பேக்கப் ஸ்கிரிப்டைத்தான்.

வீடு பாரோய்ப் பக்கம் கிடைத்தது. சின்ன வீடுதான். அம்மா அதற்குள் குடிபோவதற்கு முன்னாலேயே கடைக்குப் போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு வாங்கிவிட்டாள். குப்பை கொட்டப் போனாலும் பூட்டுவாள். எதிர்வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்கப் போனாலும் பூட்டுவாள். யாரம்மா வரப்போகிறார்கள் என்றால், "எவன் வந்தா எனக்கென்னா? என் கதவு, நான் பூட்டுறேன்" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். வெயிலில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. அவள் சாவகாசமாக, கையில் பிரசாதத்தோடு வந்தாள். மடியைத் தடவிப் பார்த்தாள். சாவியைக் கொண்டுபோகவில்லையாம், வெளியிலேயே எங்கோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாளாம்.

"எங்க வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தா நான் திறந்து உள்ள உக்காந்திருப்பேன்ல? எங்கம்மா இருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"பெத்த மககிட்ட என்னம்மா ஒளிவுமறைவு?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அன்னிக்குச் சொன்னியாடி?" என்றாள். பிறகு விரலால் தெருவைக் காட்டினாள். "ம்... அந்தப் பக்கம் திரும்பு."

நான் எழுந்து தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.